ஏழெட்டு ஐம்பத்தாறு

லண்டன் மாநகரின் வடமேற்குப் பகுதியில், பிரென்ட் நகராட்சிக்கு உட்பட்ட கிங்ஸ்பரி, ஒரு காலத்தில் மிடில்செக்ஸ் மாவட்டத்து வயல்களுக்கு நடுவே கிடந்த சிற்றூராக இருந்து, 1932ஆம் ஆண்டில் ரயில் நிலையம் திறக்கப்பட்டபின் வீடுகள் நெருங்கி வளர்ந்து நகரத்தோடு ஒன்றாகிவிட்ட இடம். இன்று அதன் கடைத்தெருவில் நடப்பவர் காதில் ஆங்கிலத்தோடு கலந்து குஜராத்தியும் தமிழும் விழுந்துகொண்டே இருக்கும். இவ்வூர்ப் பெற்றோரில், அதிலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களில், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை உள்ள எவரைக் கேட்டாலும், வசந்தகாலம் பிறந்தது முதல் வீட்டில் நடக்கும் பேச்சு ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகிறது என்பார்கள். அது பெருக்கல் வாய்பாட்டுப் பரீட்சை. இங்கிலாந்தின் அரசு ஆரம்பப் பள்ளிகளில், பிள்ளைகள் ‘இயர் ஃபோர்’ என்று சொல்லும் நான்காம் ஆண்டு வகுப்பில், ஒவ்வொரு ஜூன் மாதமும் நடத்தப்படும் இந்தப் பரீட்சைக்குக் காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. கணினியோ கைக்கணினியோ கேள்வியைக் காட்டும், பிள்ளை இலக்கங்களைத் தட்டி விடை சொல்லவேண்டும்.

பரீட்சையின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பிரயோஜனமானது. திரையில் ‘7 × 8’ என்று தோன்றுகிறது. தோன்றிய கணத்திலிருந்து 6 விநாடிகள் ஓடுகின்றன. அதற்குள் பிள்ளை கேள்வியைப் படித்து, விடையை நினைவிலிருந்து எடுத்து, ஐந்தையும் ஆறையும் திரையிலுள்ள இலக்கப் பலகையில் தேடித் தொட்டுவிடவேண்டும். பிறகு 3 விநாடி ஓய்வு. அதன்பின் அடுத்த கேள்வி. இவ்வாறு 25 கேள்விகள். மொத்தத்தில் நான்கு நிமிஷத்துக்கும் குறைவான காரியந்தான். சொன்ன விடை சரியா தவறா என்று யந்திரம் அவ்வப்போது தெரிவிப்பதில்லை. தேர்ச்சிக்கென்று ஒரு வரம்பும் விதிக்கப்படவில்லை. 2022ஆம் ஆண்டில் இது நாடெங்கும் கட்டாயமானபோது பிள்ளைகள் பெற்ற சராசரி மதிப்பெண் 19.8; முழுமதிப்பெண் பெற்றவர்கள் நூற்றுக்கு 27 பேர். இரண்டாண்டுகள் கழித்து, 2024இல், சராசரி 20.6ஆகவும் முழுமதிப்பெண் பெற்றவர்களின் தொகை நூற்றுக்கு 34ஆகவும் உயர்ந்தன. ஆகவே பிள்ளைகள் வாய்பாட்டை முன்னைவிட நன்றாக மனனம் செய்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. அந்த மனனத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதை அறிய இந்த எண்களில் இடமில்லை.

கேட்கப்படுவது இரண்டாம் வாய்பாடு முதல் பன்னிரண்டாம் வாய்பாடு வரை. பத்தோடு நிறுத்தாமல் பன்னிரண்டு வரை போவதற்குக் காரணம் கணிதத்தில் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்று கணக்கிட்ட தேசம் இது. 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி நாணயம் தசம முறைக்கு மாறிவிட்ட பிறகும் வாய்பாடு மட்டும் பழைய சம்பிரதாயத்தை விடவில்லை. முந்திரியையும் மாகாணியையும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட பரம்பரையில் வந்த நமக்கு இதைப் பார்த்துச் சிரிக்க அதிகாரம் இல்லை. இரண்டு முதல் பன்னிரண்டு வரை எந்த எண்ணையும் எந்த எண்ணாலும் பெருக்கினால் 121 கணக்குகள் வரும். ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்று உணர்ந்த பிள்ளைக்கு அவை 66ஆகக் குறைந்துவிடும். இரண்டு, ஐந்து, பத்து, பதினொன்று ஆகிய வாய்பாடுகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் எளிதில் வருபவை. அவற்றையும் கழித்துவிட்டால் எஞ்சுவது 28 கணக்குகளே. ஒரு குழந்தை பயந்து நடுங்கும் பெரிய மலை இவ்வளவுதான். ஆனால் யந்திரம் ஏழெட்டையும் எட்டேழையும் இரு வேறு கேள்விகளாகவே பாவிக்கிறது. இரண்டும் ஒன்று என்னும் உணர்வைப் பிள்ளையின் உள்ளத்தில் உண்டாக்கும் பொறுப்பு வேறு எவரையோ சேர்ந்தது.

வாய்பாடு ஏன் மனப்பாடமாக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசியில் கணக்குப் பொறி இருக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு என்பது அவர்கள் வாதம். இதற்கு மனநூலார் தரும் விடை தெளிவானது. ஒரே சமயத்தில் நாம் மனத்தில் தாங்கிக்கொண்டு கையாளக்கூடிய விஷயங்களின் அளவு மிகச் சிறியது. ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் விவரித்த இந்தச் செயல்நினைவு, பெரியவர்களுக்கே குறுகியது. குழந்தைகளுக்கு இன்னும் குறுகியது. நீண்ட வகுத்தல் கணக்கைச் செய்யும் பிள்ளை, இடையில் ஏழெட்டு என்ன என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினால், கணக்கின் மற்ற பாகம் அதற்குள் மனத்திலிருந்து நழுவிவிடும். மார்கரெட்டே டெலாஸர் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், பெரியவர்களுக்குக் கடினமான பெருக்கல்களைப் பயிற்றுவித்து அவர்களுடைய மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பயிலாத கணக்குகளைச் செய்கையில் அளவுகளைக் கையாளும் உச்சிமடலின் பிளவுப் பகுதி உழைப்பதையும், பயின்றுவிட்ட கணக்குகளுக்கு அந்த உழைப்பு குறைந்து, சொற்களோடு தொடர்புள்ள இடப்பக்கப் பகுதி ஒன்று அதிகமாக இயங்குவதையும் கண்டார்கள். வாய்பாடு மூளையில் ஒரு சொற்றொடர்போலக் குடியேறுகிறது என்று இதைக் கொள்ளலாம். ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்று ராகத்தோடு ஒப்புவித்த நம் பாட்டன்மாருக்கு மூளைப்படம் தெரியாவிட்டாலும் காரியம் தெரிந்திருந்தது. ஆனால் சொற்றொடராகக் குடியேறியவற்றுக்குச் சொற்றொடருக்குரிய ஆபத்தும் உண்டு. அடுத்தடுத்த வரிகள் ஒன்றோடொன்று குழம்பும். பெருக்கலில் மனிதர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை கண்டபடி வரும் எண்கள் அல்ல. அதே வாய்பாட்டின் அண்டை வீட்டு எண்களே. ஏழெட்டுக்கு 48 என்பார்கள், 63 என்பார்கள். 57 என்று சொல்பவர் அரிது.

இந்த 48 என்னும் தவறையே எடுத்துக்கொள்வோம். கிங்ஸ்பரியில் ஒரு வீட்டு முன்னறை; பேரன் கைக்கணினியில் வாய்பாட்டு விளையாட்டில் மூழ்கியிருக்கிறான்; பக்கத்தில் அம்மம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். திரையில் சிவப்பு மின்னுகிறது. பையன் உதட்டைப் பிதுக்குகிறான்.

“என்ன ராசா, ஏழெட்டுக்கு என்ன போட்டனி?”

“நாப்பத்தெட்டு, அம்மம்மா.”

“எப்பிடி வந்தது? எண்ணிக் காட்டு பாப்பம்.”

பையன் எட்டெட்டாக ஆங்கிலத்தில் எண்ணுகிறான். ‘எட்டு’ என்று வாய் திறப்பதற்கு முன்பே ஒரு விரல் மடங்கிவிடுகிறது; ‘எட்டு’ என்கையில் இரண்டாவது விரல்; இப்படியே போய் ‘நாற்பத்தெட்டு’ என்று சொல்லும்போது ஏழு விரல்கள் மடங்கிவிட்டன; ஏழு ஆயிற்றென்று நிறுத்திவிடுகிறான். கிழவி கீரைக்கட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, அவனுடைய முதல் விரலை மெல்ல நிமிர்த்திவிடுகிறார். அவ்வளவுதான் சிகிச்சை. இதே 48ஐ வேறொரு பிள்ளை, விரலே விடாமல், ஆறெட்டின் விடை ஞாபகத்தில் முந்திக்கொண்டதனால் சொல்லியிருக்கக்கூடும். அவனுக்குத் தேவையான மருந்து வேறு. மூன்றாவது பிள்ளைக்கு விடை தெரிந்திருந்தும், அவசரத்தில் கை தவறான இலக்கத்தில் பட்டிருக்கக்கூடும். அவளுக்கு மருந்தே வேண்டாம். யந்திரத்துக்கு மூன்றும் ஒரே சிவப்பு. வகுப்பறைக்குள் வரும் எந்தச் சாதனத்தையும் மதிப்பிட இதைவிடச் சிறந்த உரைகல் எனக்குத் தெரியவில்லை: பிள்ளை தவறிய வழியை அது உபாத்தியாயருக்குக் காட்டிக்கொடுக்கிறதா, அல்லது தவறினான் என்ற செய்தியை மட்டும் கொண்டுவருகிறதா?

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கத்தக்க சாதனங்களில் மிகப் பழையது ஒன்று, நம் ஊரிலிருந்து லண்டனுக்குப் போனது என்பதை இங்குள்ள தமிழர்களிலும் பலர் அறியார். ஸ்காத்லாந்தில் பிறந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரில் போர்வீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் மேற்பார்வையை ஏற்றுக்கொண்டார். ஒருநாள் காலை குதிரைமீது போகையில், ‘மலபார்ப் பள்ளி’ என்று அக்காலத்து ஐரோப்பியர் அழைத்த தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில், சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துக்களை எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியின் ஆசிரியர்களை அவ்வாறு கற்பிக்கச் சொன்னபோது அவர்கள் அது நடவாத காரியம் என்று தட்டிக்கழித்துவிடவே, பெல் அந்த வேலையை ஜான் ஃப்ரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் அதைச் செய்து காட்டிவிட்டான். மணற்பலகையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் சேர்ந்து ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றன. 1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டு லண்டனில் இதைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1798இல் ஆல்ட்கேட்டிலுள்ள புனித பொட்டால்ஃப் பள்ளியில் அது நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் தேம்ஸ் நதியின் தென்கரையில் ஜோசப் லங்காஸ்டர் நடத்திய பள்ளியிலும் மணல் பரப்பிய மேசைகள் இடம்பெற்றன. காகிதம் விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் மணல் செலவில்லாதது என்பது அதன் சிறப்புக்களில் ஒன்று. அதைவிடப் பெரிய சிறப்பு, பிள்ளையின் விரல் நகர்வதைப் பக்கத்திலிருக்கும் சட்டாம்பிள்ளை கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான் என்பது. சுழி எந்த இடத்தில் கோணியதோ அந்த இடத்திலேயே கையைப் பிடித்துத் திருத்த முடிந்தது. திருத்தியபின் ஒரு தடவலில் பிழை மறைந்தது.

மதராஸ் முறை பிற்காலத்தில் ஒரே அறையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைத்துப் போர்ப்படைபோல் நடத்தும் இயந்திரமாகக் கெட்டுப்போனது வேறு கதை.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து லண்டன் வகுப்பறைகளுக்குள் வேறொரு பலகை வந்தது. தொட்டால் பதில் சொல்லும் மின்வெண்பலகை அது. தொலைக்காட்சியின் தந்தைகளில் ஒருவரான ஜான் லோகி பேர்ட் 1920களின் இறுதியில் சோதனைகள் நடத்தியது கிங்ஸ்பரி மாளிகையின் வண்டிக்கொட்டிலில்தான் என்பதை எண்ணினால், திரையின்மீது இவ்வூருக்கு ஒரு பரம்பரை உறவு உண்டு என்றே சொல்லலாம். 2004ஆம் ஆண்டில் கல்வி அமைச்சராயிருந்த சார்ல்ஸ் கிளார்க் இந்தப் பலகைகளுக்கென 2.5 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தார். சில ஆண்டுகளுக்குள் கரும்பலகையைத் தேடினாலும் காண முடியாத நிலை வந்தது. உபாத்தியாயர்கள் விரும்பினார்கள், பிள்ளைகளும் விரும்பினார்கள். ஆனால் நியூகாசில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஐந்தாம், ஆறாம் ஆண்டு வகுப்புக்களில் தொடர்ந்து கவனித்தபோது, முதலாண்டில் தென்பட்ட சிறு முன்னேற்றம் இரண்டாமாண்டில் மறைந்துபோயிருந்தது. லண்டன் இடைநிலைப் பள்ளிகளை ஆராய்ந்த லண்டன் கல்வியியல் கழகத்தாரும் மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க உயர்வைக் காணவில்லை. இதில் வியப்படைய ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். முப்பது பிள்ளைகளில் ஒருவன் எழுந்துவந்து பலகையைத் தொடுகிறான். மற்ற இருபத்தொன்பது பேர் என்ன நினைக்கிறார்கள் என்பதை அந்த அழகிய ஒளி எவருக்கும் காட்டவில்லை. உபாத்தியாயரின் விளக்கம் பிரகாசமாயிற்று. பிள்ளையின் பிழை முன்போலவே இருட்டில் இருந்தது.

இதற்கு நேர்மாறான விளைவைக் கண்ட சோதனை ஒன்று, கிங்ஸ்பரிக் குஜராத்தியர் பலருக்குப் பழக்கமான வடோதரா நகரில் நடந்தது. அங்குள்ள நகராட்சிப் பள்ளிகளுக்கு மாநில அரசு பள்ளிக்கு நான்கு கணினிகள் கொடுத்திருந்தது. 2002 முதல் இரண்டாண்டுகள், பிரதம் என்னும் தொண்டு நிறுவனம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக உட்காரவைத்து, கணித விளையாட்டுக்களில் ஈடுபடுத்தியது. பிள்ளையின் தரத்துக்கு ஏற்றபடி கணக்குகள் எளிதாகவும் கடினமாகவும் மாறின. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியலாளர்கள் திட்டம் நடந்த பள்ளிகளையும் நடவாத பள்ளிகளையும் ஒப்பிட்டு, 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டாமாண்டு இறுதியில் கணித மதிப்பெண்ணில் கண்ட உயர்வு 0.47 திட்டவிலக்கம். சாதாரண பாஷையில் சொன்னால், நூறு பேர் கொண்ட வரிசையில் ஐம்பதாமிடத்தில் நின்ற பிள்ளை ஏறக்குறைய முப்பத்திரண்டாமிடத்துக்கு முன்னேறுவதற்குச் சமம். கல்வித் திட்டங்களில் இது மிகப் பெரிய லாபம். ஆனால் திட்டம் நின்று ஓராண்டான பிறகு பார்த்தபோது அந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்து, 0.1 அளவே எஞ்சியிருந்தது. அப்பியாசம் நின்றால் ஞாபகம் தேயும் என்பது ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து சொன்ன உண்மை. வடோதராவில் என்னை அதிகமாகக் கவர்வது மதிப்பெண் அல்ல, இருக்கை ஏற்பாடு. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள் என்பது பணமில்லாமையால் வந்த ஏற்பாடு. ஆயினும் ஒருவன் தட்டுவதற்கு முன் மற்றவன் “இல்லையடா, அது அப்படி வராது” என்று மறுத்துப் பேச அது வாய்ப்பளித்தது. சட்டாம்பிள்ளை அங்கே வேறு உருவத்தில் திரும்பிவந்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது. இதை நிரூபிக்க என்னிடம் அளவையில்லை.

இன்று கிங்ஸ்பரிப் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் விளையாடும் வாய்பாட்டுச் செயலிகளுள் மிகவும் பிரசித்தமானது ‘டைம்ஸ் டேபிள்ஸ் ராக் ஸ்டார்ஸ்’. லண்டன் கிங் சாலமன் அகாடமியில் கணித ஆசிரியராயிருந்த புரூனோ ரெட்டி உருவாக்கியது அது. பிள்ளை ஒரு பாடகனாக வேஷமிட்டுக்கொண்டு, வேகமாக விடையளித்துக் காசு சேர்த்து, கித்தார் வாங்குகிறான். சராசரியாக ஒரு விநாடிக்குள் விடை சொல்பவனுக்கு ‘ராக் ஹீரோ’ என்று பட்டம். ‘சவுண்ட்செக்’ என்னும் ஒரு விளையாட்டு, அரசாங்கப் பரீட்சையைப்போலவே 25 கேள்விகளையும் 6 விநாடிகளையும் கொண்டது. வேகத்துக்குப் பட்டம் கொடுப்பதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. மெதுவாக யோசிக்கும் பிள்ளை தன்னைக் கணக்கு வராதவன் என்று முடிவு கட்டிக்கொள்ள அது இடந்தருகிறது. எனினும் இந்தச் செயலியில் உபாத்தியாயர் காணும் ஒரு பக்கம் மிகவும் மெச்சத்தக்கது. பன்னிரண்டு வரிசையும் பன்னிரண்டு நிரலும் கொண்ட கட்டத்தில், ஒவ்வொரு பெருக்கலும் அதற்குரிய சதுரத்தில், பிள்ளையின் தேர்ச்சிக்கேற்பப் பச்சை முதல் சிவப்பு வரை நிறம் பெற்று நிற்கிறது. 25க்கு 19 என்னும் மதிப்பெண் சொல்லாததை அந்தக் கட்டம் ஒரு பார்வையில் சொல்லிவிடும். இந்தப் பிள்ளைக்கு ஒன்பதாம் வாய்பாடு முழுவதுமே வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏழெட்டு ஒன்றுதான் தகராறு. எங்கே தவறு என்பது வரையில் யந்திரம் வந்துவிட்டது. ஏன் என்பதற்கு இன்னும் அம்மம்மாவின் கேள்விதான் வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பிள்ளை வாயால் பதில் சொல்லத் தெரியாதபோது கையால் பதில் சொல்ல வைக்கும் சாதனம் ஒன்று, மின்சாரம் இல்லாமலே, பிரிட்டிஷ் ஆரம்பப் பள்ளிகளில் அலமாரித் தட்டுகளில் கிடக்கிறது. பெல்ஜியத்தில் துவேன் என்னும் ஊரில் பள்ளியாசிரியராயிருந்த ஜார்ஜ் குய்ஸ்னேர் செய்த வண்ணக் குச்சிகள் அவை. 1952இல் அவர் அவற்றைப் பற்றிச் சிறு நூல் வெளியிட்டார். மறு ஆண்டு லண்டன் கல்வியியல் கழகத்தைச் சேர்ந்த காலெப் கட்டெக்னோ நேரில் சென்று கண்டு வியந்து, அவற்றை உலகெங்கும் பரப்பினார். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள வெள்ளைக் குச்சி ஒன்றைக் குறிக்கும். பத்து சென்டிமீட்டர் ஆரஞ்சுக் குச்சி பத்தைக் குறிக்கும். ஏழு கறுப்பு, எட்டு பழுப்பு. குச்சிகளில் எண் எதுவும் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. ஏழு பழுப்புக் குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் ஒரு நீள்சதுரம் உண்டாகிறது. அதன்மேல் குறுக்காக எட்டுக் கறுப்புக் குச்சிகளை அடுக்கினால், ஓரம் இம்மியும் பிசகாமல், அதே நீள்சதுரம் மூடப்பட்டுவிடுகிறது. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றென்பதை இதற்குமேல் எவரும் பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு ஐந்து பழுப்புக் குச்சிகளை ஒருபுறமும் இரண்டை மறுபுறமும் விலக்கினால், நாற்பதும் பதினாறும் பிரத்தியட்சமாகக் கண்முன் கிடக்கின்றன. எளிதில் வரும் ஐந்தாம் வாய்பாட்டையும் இரண்டாம் வாய்பாட்டையும் கொண்டு கடினமான ஏழாம் வாய்பாட்டைக் கட்டிக்கொள்ளும் உபாயம் பிள்ளையின் கைக்கு வந்துவிடுகிறது. இந்த உபாயம் 6 விநாடிக்குள் அடங்காது என்று சொல்வார்கள். முதல் வாரத்தில் அடங்காது, பழகியபின் அடங்கும். ஞாபகம் கைவிடும் நேரத்தில், அண்டை வீட்டு எண்ணைத் துணிந்து தட்டிவிடாமல் சரிபார்த்துக்கொள்ள ஒரு வழியும் மிஞ்சும்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் தமிழோடு கணிதமும் சொல்லிக்கொடுக்கும் தொண்டர்கள் இப்பகுதியில் பலர் உண்டு. அவர்களுக்கும் பகல் பள்ளி உபாத்தியாயர்களுக்கும் பொதுவான கருவி, கையகலமுள்ள சிறிய வெள்ளைப்பலகை. நம் பள்ளிக்கூடச் சிலேட்டின் பிளாஸ்டிக் வாரிசு அது. “ஏழெட்டு என்ன?” என்று கேட்டால் எல்லாப் பலகைகளிலும் ஓர் எண் மட்டும் வரும். “ஏழெட்டை நீள்சதுரமாக வரைந்து, எங்கே வெட்டினால் உனக்குச் சுலபமோ அங்கே கோடு போடு” என்று கேட்டால், ஒரு நிமிஷத்தில் முப்பது பலகைகள் உயரும்போது, ஐந்தில் வெட்டியவர்கள், நாலெட்டோடு மூவெட்டைச் சேர்த்தவர்கள், எங்கே வெட்டுவதென்று தெரியாமல் வெறும் கட்டத்தோடு நிற்பவர்கள் எல்லோரும் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறார்கள். கடைசிக் கூட்டத்தைக் குச்சிப் பெட்டிக்கு அனுப்பலாம். மற்றவர்களுக்குக் கைக்கணினியைக் கொடுத்து, தினமும் பத்து நிமிஷம், கூடுமானால் இருவருக்கு ஒன்றாக, விளையாட விட்டுவிடலாம்.